கைச்சாமானா, வீட்டுச்சாமானா

எட்வின் மக்கா,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல்தான் தருவேன். நீ படித்துவிட்டு உன் பெரியப்பாவிடம் கொடு, அத்தையிடம் கொடு, அன்றைக்கு நம் வீட்டு முன்னறையில் யார் யார் நின்றார்களோ அவர்கள் எல்லாரிடமும் கொடு. வியாழக்கிழமை நீ மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாய். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம், எல்லாரும் வருவார்கள். அங்கே எழுந்து நின்று வாயால் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். ஆனால் இதைச் சொல்ல எழுந்தால் ஒரு வார்த்தைகூட வராது என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நீ பெட்டி அடுக்கினாய். நான் மாங்காய் ஊறுகாய் பரணியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன். நீ அலமாரியைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த அந்தக் கறுப்புச் சாமானை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாய்: "எம்மா, இது கைச்சாமானா, வீட்டுச்சாமானா? கைச்சாமான்னா நான் கொண்டு போவேன்." பால் பொங்குது என்று சொல்லி நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. அது உனக்கும் தெரியும். ஆனாலும் நீ பின்னாலேயே வந்து கேட்கவில்லை. அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்துகிற சத்தம்தான் கேட்டது. நாலு வருஷமாக நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இப்படித்தான் விட்டுவைத்திருக்கிறோம்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் கைச்சாமான், வீட்டுச்சாமான் என்ற பேச்சு எனக்குப் பெரிய வேடிக்கை. எங்கள் வீட்டிலும் இதே சபைதான், இதே ஞானப்பாட்டுதான், ஆனால் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. உன் அப்பா குடும்பத்தில் ஒருவர் வாசல் தாண்டிப் போகும்போது, கல்யாணத்துக்கோ வேலைக்கோ கல்லறைக்கோ, அவருடைய கைச்சாமான் அவரோடு போகும். வீட்டுச்சாமான் வாசல் தாண்டாது. மூக்குக்கண்ணாடி, குடை, வேதப்புத்தகம் எல்லாம் கைச்சாமான். கட்டில், ஆட்டுரல், சுவர்க்கடிகாரம் வீட்டுச்சாமான். போதகருக்கு இது பிடிக்காது. சவப்பெட்டிக்குள் சாமான் வைக்கும் நேரத்தில் அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். அத்தை கல்யாணத்தின்போது தையல் மெஷின் எந்த வகை என்று ஒன்றரை நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் உன் பெரியப்பா வந்து, சக்கரத்தைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது கையால சுத்துறதாக்கும். கால்மெஷினா இருந்தா இங்க கிடக்கும். கொண்டு போவட்டு" என்று தீர்த்துவைத்தார். கல்யாணச் சேலையோடு மடியில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு காரில் போன மணப்பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உன் பெரியப்பா பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கறுப்புச் சாமான் வந்தபோது நீ தனுவச்சபுரம் காலேஜில் ப்ரீடிகிரி இரண்டாம் வருஷம். உன் தம்பி பினு ஆறாம் வகுப்பு. உன் அப்பா ஷார்ஜாவில் கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளை நினைக்கிறவர், லீவுக்கு ஊர் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். வீடியோ கேம், ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுதான் இருக்கும். நடுவில் சின்னத் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். ஆறு பேட்டரி போட்டால் ஒரு சாயங்காலம்கூடத் தாங்காது. அதனால் கரண்டில் குத்த ஒரு அடாப்டரும் டிவியில் குத்த ஒரு வயரும் கூடவே வந்தன. வயரைக் குத்திவிட்டால் கையில் இருக்கிற திரை இருண்டுவிடும், படம் முழுக்க டிவிக்குப் போய்விடும், கையில் மிஞ்சுவது பொத்தான் மட்டும். ஒரே ஒரு சாமான் என்பதால் நீங்கள் முறை வைத்து விளையாடினீர்கள். விளையாட்டில் ஆள் விழுந்தால் அடுத்தவன் கைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். நீ சுலபத்தில் விழமாட்டாய். பினு உன் தோளை இடித்துக்கொண்டு காத்துக் கிடப்பான்.

சண்டை அங்கேதான் தொடங்கியது. அது கைச்சாமான், யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு உரியது என்றாய் நீ. அவன் விடவில்லை. நோட்டைத் திறந்து காரணம் காரணமாக எழுதிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான், வாத்திச்சி மகன் அல்லவா. "எம்மா, பேட்டரி தீந்தாச்சு. இப்போ டிவி இல்லாம இது ஓடுமா? டிவி வீட்டுச்சாமான்லா. அப்போ இதும் வீட்டுச்சாமான். வீட்டுச்சாமான்னா அம்மாதான் மணி பாத்து முறை சொல்லணும்."

நீ கட்டிலில் கிடந்தபடியே, "எலே, வயர உருவினா பைக்குள்ள போட்டு தனுவச்சபுரம் வர கொண்டு போலாம். டிவிய பஸ்ஸுல ஏத்துவியா நீ?" என்றாய்.

"கரண்டியும் கையிலதான் புடிக்கோம். அத்த கெட்டிப் போவும்போ கரண்டி கொண்டு போனாளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மடியில் காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் குவிந்து கிடந்தது, மறுநாள் மார்க் கொடுத்தாக வேண்டும். தலையைக்கூட நிமிர்த்தாமல், "கையில புடிக்கிறது கைச்சாமான். சொல்லியாச்சு. ரெண்டு பேரும் எழும்பிப் போங்க" என்றேன். பினு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். நான் சிவப்பு மையால் ஒரு பிள்ளையின் கணக்கைச் சுழித்தேன். பிறகு அவன் நோட்டை மூடிக்கொண்டு போனது தெரிந்தது. வீட்டுச்சாமான் என்று சொல்லியிருந்தால் அதைத் தூசு தட்டி மூடி வைப்பதும், மணி பார்த்து முறை பிரிப்பதும் என் தலையில் விழுந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன். மக்கா, நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும், பிள்ளைகள் வரும், வேலையிடத்தில் உனக்குக் கீழே நாலு பேர் இருப்பார்கள். சண்டை ஓய்ந்தால் போதும் என்பதற்காக ஒருநாளும் தீர்ப்புச் சொல்லாதே. எதிரே நிற்கிறவன் சின்னவன் என்றால் கண்டிப்பாகச் சொல்லாதே.

துலா மாச மழை, ஐப்பசி இடிமழை, எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். மூன்று மணி வரை வெயில் மண்டையைப் பிளக்கும், கள்ளிக்காட்டுப் பக்கம் மலை கறுக்கும், நாலு மணிக்கு இடி நம் கூரைமேல் நிற்கும். வருஷாவருஷம் நான் உங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: இடி வெட்டும்போது வீட்டுச்சாமான் ஒன்றையும் தொடக்கூடாது. டிவி, மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னேன். இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும் என்று நினைத்தேன். நன்றாகவே விளங்கியிருக்கிறது.

அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் மீட்டிங். நான் பஸ்ஸில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததை நீ ஆஸ்பத்திரி வராந்தாவில், நனைந்த சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரே ஒரு தடவை சொன்னாய். "எம்மா, அவன் கேட்டான். இடி வெட்டுதுல்லா, விளையாடலாமான்னு கேட்டான். அது கைச்சாமானாக்கும், அம்மா சொல்லியாச்சு, நீ விளையாடுன்னு சொன்னேன்." அதைச் சொல்லிவிட்டு முற்றத்தில் காயப்போட்ட மரச்சீனிக் கிழங்குத் துண்டுகளை வார நீ வெளியே ஓடியிருக்கிறாய். திறந்தவெளியில் நின்ற உனக்கு ஒன்றும் ஆகவில்லை. இடி ஆன்டெனாக் குழாயில் விழுந்தது. குழாயிலிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து வயர் வழியாக, கூரைக்குக் கீழே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவன் கைக்கு.

நீ சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாய். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: ஆமாம் மக்கா, நான்தான் அப்படிச் சொன்னேன், நீ என் வார்த்தையைத்தான் சொன்னாய். அந்த ஒரு வரி அப்போது வரவில்லை. உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுகையில் அது அடங்கியிருக்கும் என்று பிறகு பலநாள் என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். அடங்கவில்லை.

மறுநாள் முன்னறையில் பினுவின் சவப்பெட்டி. உன் அப்பா வந்து சேர இன்னும் இரண்டு நாள் ஆகும், அதுவரை வைக்க முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். உன் பெரியப்பா வழக்கப்படி அவனுடைய கைச்சாமானை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுக் கேட்டு உள்ளே வைத்தார். ஜியாமெட்ரி பாக்ஸ். தொப்பி. அந்த நோட்டு. போதகர் சன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பிறகு பெரியப்பா கறுப்புச் சாமானை எடுத்தார். அதற்குப் பெரிய சேதம் இல்லை. வயர் குத்தும் ஓட்டையைச் சுற்றி மட்டும் கருகியிருந்தது. உருகி ஒட்டிய வயரை யாரோ கத்தியால் அறுத்து எறிந்திருந்தார்கள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எம்மா, இது எதுல சேரும்?"

நான் அந்தக் கருகிய ஓட்டையையே பார்த்தேன்.

"ஆலோசிச்சுச் சொல்லு. கைச்சாமானைப் பிடிச்சு வச்சா, அதுக்க ஆளு தேடி வருமாக்கும்."

முன்னறை முழுக்க ஆட்கள். அத்தை என் தோளைப் பிடித்திருந்தாள். நீ வாசல்நிலையில் சாய்ந்து நின்றாய். கைச்சாமான் என்று சொன்னால், அப்படியானால் இடியில் அதைத் தொட்டால் என்ன தப்பு என்று அவன் நினைத்ததும், அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதும் அத்தனை பேருக்கும் விளங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அறையே என்னைச் சுற்றி வந்து நிற்பதுபோல இருந்தது. "வீட்டுச்சாமான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன், வகுப்பில் சொல்வதுபோல. "டிவியில குத்துறதுல்லா. எப்பவும் வீட்டுச்சாமான்தான்."

எப்பவும். அந்த ஒரு வார்த்தையை யாரும் கேட்காமல் நானாகத்தான் சேர்த்தேன். நான் உன்னைப் பார்த்தேன். உன் முகம் மாறியது. அழவில்லை நீ. கேள்விக்குப் பதில் தப்பு என்று ஆசிரியர் சொன்னதும் பிள்ளைகள் மெதுவாக உட்காருமே, அப்படி வாசல்நிலையிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்தாய். அம்மா எப்பவும் வீட்டுச்சாமான் என்றுதான் சொல்லியிருக்கிறாள், நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன், தம்பியை நான்தான் அனுப்பினேன் என்று அந்த நிமிஷத்தில் உனக்குள் முடிவாகிவிட்டது. எனக்கு அது கண்ணுக்குமுன்னால் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. பிறகு நீ ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கப் போனபோது ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டது. எனக்கு ஆச்சரியம் இல்லை. இடி மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று வீட்டைச் சுற்றி உப்பும் கரியும் போட்டு நீயே எர்த் குழி தோண்டியபோது, போதும்டா, கை கிழிந்திருக்கிறது என்று கஞ்சி கொண்டுவந்து வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை. கர்த்தர் என்னை மன்னித்தாலும் நீ மன்னிக்கக் கடமைப்பட்டவன் இல்லை.

இனி சொல்லப்போவதை வாசித்து அத்தை பயப்படுவாள். பயப்படட்டும்.

மறுவருஷம் துலா மாசம். நான் வீட்டில் தனியாக இருந்தேன். மணி நாலு இருக்கும், கரண்டு போயிருந்தது, மழை இன்னும் விழவில்லை, இடி மட்டும். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளுக்கு முன்னறையிலிருந்து டிக், டிக்டிக் என்று சத்தம் கேட்டது. பொத்தான் சத்தம். வீட்டில் மாசக்கணக்காகக் கேட்டுக்கேட்டுப் புளித்த சத்தம், எனக்கு அதில் சந்தேகமே வராது. போய் நின்றேன். சத்தம் அலமாரிக்குள்ளிருந்து வந்தது. திறந்தேன், நின்றது. துண்டை விரித்தேன். சாமான் கிடந்தது, பேட்டரி வைக்கும் இடம் காலி, வயர் இல்லை. தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒருவர் கையில் வைத்திருந்த பாத்திரம்போல வெதுவெதுப்பாக இருந்தது. துண்டில் சுற்றி அலமாரியைச் சாத்தினேன். அடுக்களை வாசலுக்கு வருவதற்குள் மறுபடியும் டிக்டிக்.

நான் பயப்படவில்லை மக்கா. அதுதான் என்னுடைய அடுத்த குற்றம். அன்றையிலிருந்து நான் இடிக்குக் காத்திருந்தேன். வகுப்பு நடத்தும்போதே சன்னல் வழியாக மலைப்பக்கம் பார்ப்பேன். கறுத்தால் தலைவலி என்று சொல்லி அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாறசாலையில் பஸ் பிடித்து ஓடிவருவேன். பக்கத்து வீட்டுக்காரி இடிக்கு நடுங்கி இயேசுவே இயேசுவே என்று விளிப்பாள். நான் அலமாரிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு இன்னும் கொஞ்சம் வெட்டட்டும் என்று கேட்பேன். சபையில் முன்வரிசையில் உட்காருகிறவள் செய்கிற காரியமா அது? மழை பிடித்து இடி விலகினதும் சத்தமும் நின்றுவிடும். எழுந்துபோய் இரண்டு பேருக்குத் தேயிலை போடுவேன், ஒன்றைக் குடிப்பேன்.

நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் சத்தத்தின் கணக்கு பிடிபட்டது. கொஞ்ச நேரம் விறுவிறுவென்று பொத்தான் ஓடும். பிறகு நிற்கும். நின்ற நேரமும் ஓடின நேரமும் ஏறக்குறைய ஒரே அளவு. பிறகு மறுபடியும் ஓடும். பினு தன் முறையை ஆடிவிட்டு, கைமாற்றிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். யாரும் வாங்கவில்லை என்றதும் மறுபடியும் தானே ஆடுகிறான்.

அதற்கு அடுத்த வருஷம், நீ ஐடிஐ விட்டு நனைந்துகொண்டு சீக்கிரம் வந்துவிட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? நான் பக்கத்து வீட்டிலிருந்து வந்து நிலைப்படியில் ஏறினேன். நீ முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தாய். சாமான் உன் மடியில் இருந்தது. உன் இரண்டு கையும் முழங்கால் மேலே இருந்தன. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். உனக்கும் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது, எனக்கும் கேட்கிறது என்று உனக்குத் தெரிந்தது.

"என்னல சத்தம்?" என்றேன்.

"பல்லி ஆக்கும்" என்றாய்.

"ஓ. பல்லிதான்" என்று சொல்லிக் குடையை மடக்கி மூலையில் வைத்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் எத்தனை பல்லி கத்தியது, நாம் எத்தனை தடவை பல்லி என்று சொல்லிக்கொண்டோம். ஒருநாள் நீ சாப்பிட்டுக்கொண்டே, இன்று பல்லி சீக்கிரமே வந்தாச்சு என்றாய். நான் மோர் ஊற்றினேன்.

அதோடு போயிருந்தால் உன்னை அந்தச் சாமானோடு அனுப்பியிருப்பேனோ என்னவோ. போன மாசம் நான் கண்டது வேறு. அன்றைக்கு இடி பெரிதாக இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் உருண்டுகொண்டிருந்தது. நான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றேன், நீ என்னைப் பார்க்கவில்லை. பொத்தான் ஓடி நின்றது. நின்ற உடனே நீ சாமானைக் கையில் எடுத்தாய். உன் கட்டைவிரல்கள் ஓடத் தொடங்கின. இருண்டு கிடக்கிற புது டிவியைப் பார்த்துக்கொண்டு, அதில் ஒன்றுமே இல்லை, நீ உன் முறையை ஆடினாய். முடிந்ததும் சாமானைப் பக்கத்தில் பாயில் வைத்தாய். வைத்தது வெறும் தரையில் வைப்பதுபோல இல்லை. ஒரு கை வாங்கிக்கொள்ளும் உயரத்தில் நீட்டி, கொஞ்சம் பொறுத்து, பிறகு விட்டாய். அது விழவில்லை, சத்தமே இல்லாமல் கீழே அமர்ந்தது. நீ சிரித்தாய். உன் தோள் ஒரு பக்கமாக அசைந்தது, யாரோ இடித்ததுபோல.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் முதல் தடவையாகப் பயந்தேன். இருபத்தொரு வயசுப் பையன், கூட்டுக்காரன்களோடு ஒரு படத்துக்குப் போவதில்லை, பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பந்து அடிப்பதில்லை, நாலு வருஷத்தில் நான் கண்ட ஒரே சிரிப்பு அது. இந்த வருஷத்தோடு ஆயிரத்துத் தொள்ளாயிரம் முடிகிறது, உலகமும் முடியும் என்று சந்தையில் ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டபோது நீ மட்டும், முடியட்டு, நல்லதுதான் என்றாயாம். அத்தை வந்து சொன்னாள். நீ அந்தச் சாமானை மஸ்கட்டுக்குக் கேட்பது தம்பியின் ஞாபகத்துக்கு என்று அப்பா நினைக்கிறார். நீ கேட்பது தண்டனைக்கு. போகிற இடமெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முறைக்கும் உன் முறைக்கும் இடையில் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று உனக்கு நீயே விதித்துக்கொண்டிருக்கிறாய். செய்யாத குற்றத்துக்கு.

அதனால் இப்போது பதில் சொல்கிறேன். பால் பொங்கவில்லை, நான் எங்கேயும் ஓடவில்லை. வயர் குத்தியிருந்தால் அது வீட்டுச்சாமான். வயரைக் கழற்றினால் கைச்சாமான். இவ்வளவுதான் விஷயம், இதை ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டியது. நான் இரண்டு தடவை தீர்ப்புச் சொன்னேன், இரண்டு தடவையும் தப்பு. வயரோடு டிவியில் கிடந்தபோது கைச்சாமான் என்றேன், அவன் போனான். வயர் அறுந்து வெறும் கைச்சாமானாக உன் பெரியப்பா கையில் இருந்தபோது வீட்டுச்சாமான் என்றேன், உன்னைக் கொன்றேன். நீ தம்பியிடம் சொன்னது பொய் இல்லை. தப்பாகக் கேட்கவும் இல்லை. அம்மா சொல்லியாச்சு என்றாய், அம்மா சொல்லித்தான் இருந்தாள். புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் எல்லாரும் இருக்கும்போதே உன் பெரியப்பா இதைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குச் சத்தமாகத்தானே சொன்னேன்.

சாமானை உனக்குத் தரமாட்டேன். அது உன் கைச்சாமான் இல்லை, அவனுடையது. அவனோடு போகவேண்டியதைப் பிடித்து வைத்தது நான். கல்லறையைத் திறக்கச் சபை சம்மதிக்காது, கேட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் அதைத் தேடி வருகிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

நேற்று நீ டிக்கெட் விஷயமாகத் திருவனந்தபுரம் போயிருந்தாய். மூன்றரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் அலமாரியைத் திறந்து, சாமானை எடுத்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு முட்டுவலி, உனக்குத் தெரியும், அப்படி உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இடி வெட்டியது. பொத்தான் ஓடியது. நின்றது. நான் என் இரண்டு கட்டைவிரலையும் பொத்தான்மேல் வைத்தேன். ஒருநாளும் நான் இதை விளையாடியதில்லை, எது எதற்கு என்று தெரியாது. ஏதோ ஒன்றை அமுக்கினேன். வலது பக்கம் ஒரு பொத்தான், என் விரலுக்குக் கீழே, நான் அமுக்காமலே தானாக உள்ளே போய் வெளியே வந்தது. அதில்லம்மா, இது, என்று காட்டுவதுபோல. மறுபடியும் உள்ளே போய் வந்தது. பிறகு பொறுமையாக நின்றது. நான் அதை அமுக்கினேன். என் வலது தோளில் யாரோ மெல்ல இடித்தார்கள்.

"அண்ணன் போறான் மக்கா" என்று சொன்னேன். "அவனை விடு. அவன் ஒண்ணும் செய்யல்ல. அன்னைக்கு நீ நோட்டு கொண்டு வந்து நின்னப்போ நான்தான் தலை நிமிந்து பாக்கல்ல. இப்போ இருக்கேன்லா, நான் விளையாடுதேன் உன்கூட."

விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துக் காத்திருந்தேன். மழை இன்னும் விழவில்லை. பிறகு பொத்தான் ஓடத் தொடங்கியது, முன்னைவிட மெதுவாக, புதிதாகப் படிக்கிறவளுக்கு ஏற்ற வேகத்தில்.

வேளைக்குச் சாப்பிடு. போன் போடு. அங்கே கூட்டுக்காரன்களைச் சேர்த்துக்கொள், அவர்களோடு சத்தமாகச் சிரி. திரும்பிப் பார்க்காமல் போ மக்கா. உன் முறை முடிந்துவிட்டது. இனி என் முறை.

அம்மா